மணவூர் வீட்டில் மறுபிறவி எடுத்த கம்ப்யூட்டர்

காலை 8 மணி. அரக்கோணம் போகும் ரெயில் மணவூர் ஸ்டேஷனில் நின்றது. நான் இறங்கினேன்.

என் அக்காள் மகன் ஸ்டேஷனுக்கே வந்து காத்திருந்தான். கையில் இருந்த பையை வாங்கிக் கொண்டான். நலம் விசாரிக்கக் கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

"மாமா! பொத்தானை அமுக்கி 14 நிமிஷம் காத்திருக்க வேண்டி இருக்கிறது. அதற்குள் அம்மா இட்லி அவித்து, சட்னி அரைத்து, சாப்பிடக் கூப்பிட்டு விடுகிறார்கள். எல்லாவற்றையும் அழித்து விடுங்கள். புதிதாகப் போட்டுக் கொடுங்கள்!" என்றான்.

அவன் சொன்னது வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி. மடியில் வைத்து வேலை செய்யும் சிறிய கம்ப்யூட்டர். லேப்டாப் என்பார்கள். அரசாங்கம் இனாமாகக் கொடுத்தது.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் 20 ஆண்டுகள் இருந்தவன். அதனால்தான் எனக்கு அழைப்பு!

காக்களூரில் தொடங்கிய கதை

அந்த லேப்டாப்புக்கு ஒரு வரலாறு உண்டு. மணவூர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில், திருவள்ளூரை ஒட்டி, காக்களூர் என்று ஓர் ஊர். அங்கேதான் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, இலவச லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்குவதும் அன்றுதான் தொடங்கியது.

முதல் ஆண்டில் மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம் மாணவ-மாணவிகளுக்கு லேப்டாப் கொடுப்பது என்று திட்டம் போட்டார்கள். எல்காட் என்ற தமிழக அரசு நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தறியாத வீடுகளில் எல்லாம் கம்ப்யூட்டர் நுழைந்தது.

என் அக்காள் வீட்டுக்கு அது 2012-ல் வந்தது. மூத்த மகள் அப்போது பிளஸ்-2 படித்தாள். அவள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கும் போய் விட்டாள். கம்ப்யூட்டர் மணவூரிலேயே தங்கி விட்டது. அவளுக்கு 12 வயது இளையவனான தம்பி இப்போது கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். அவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

கூடத்தில் ஸ்டூல் மீது அதை வைத்திருந்தார்கள். மூடியில் கோபுர முத்திரை பாதி தேய்ந்து போயிருந்தது. பொத்தானை அமுக்கினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பையன் பொய் சொல்லவில்லை!

ஸ்டேஷன் மாஸ்டர் யார்?

கம்ப்யூட்டர் ஏன் இப்படித் தூங்கி வழிகிறது? இதைப் புரிந்து கொள்ள மணவூர் ஸ்டேஷனையே எடுத்துக் கொள்வோம்.

தண்டவாளம் இருக்கிறது. ரெயில் இருக்கிறது. பயணிகள் இருக்கிறார்கள். ஆனால் எந்த வண்டி எப்போது எந்தப் பாதையில் போகலாம் என்று ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. நகர்ந்தால் மோதிக் கொள்ளும்!

கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். பாடப் புத்தகங்களில் இயங்குதளம் என்று எழுதுகிறார்கள். நீங்கள் எழுத்தைத் தட்டினால் திரையில் காட்டுவது அது. பாட்டுப் போடச் சொன்னால் பாட்டை எடுத்துக் கொடுப்பது அது. விண்டோஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அது ஓர் இயங்குதளம். லினக்ஸ் என்பது இன்னொன்று.

அக்காள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 7. வருஷக்கணக்கில் அதில் கண்டதையும் ஏற்றியிருந்தார்கள். பாட்டுக் கேட்க ஒன்று. படம் பார்க்க மூன்று. யாரோ ஏற்றச் சொன்னார்கள் என்று ஏழெட்டு. கம்ப்யூட்டர் விழித்தவுடன் அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்து நின்று "என்னைக் கவனி, என்னைக் கவனி" என்கின்றன. பாவம், ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்வார்!

இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸ் 7-க்கு 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதியோடு அதைத் தயாரித்த மைக்ரோசாப்ட் கம்பெனி பொதுமக்களுக்கான பாதுகாப்பை நிறுத்தி விட்டது. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆள் இல்லை. அதற்குப் பின் வந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான பாதுகாப்பு முடிந்தது.

ஓட்டையை அடைக்காவிட்டால் என்ன ஆகும்? 2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி "வான்னா கிரை" என்ற நாசகாரப் புரோகிராம் உலகம் முழுவதும் பரவியது. சுமார் 150 நாடுகள். 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். உள்ளே இருந்ததை எல்லாம் பூட்டி வைத்துக் கொண்டு, "300 டாலர் கொடு, திறக்கிறேன்" என்று மிரட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் வேலை நின்றது. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போட்டுக் கொள்ளாதவர்கள் மாட்டிக் கொண்டார்கள்!

ஆகவே பையன் சொன்னது சரிதான். இந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து விட்டுப் புதிய இயங்குதளம் போட வேண்டியதுதான்.

"உள்ளே என்ன இருக்கிறது?"

ஆனால் நான் உடனே வேலையைத் தொடங்கவில்லை.

"அக்கா! இதில் வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னப்பா தெரியும்? அதை நான் தொட்டதே இல்லை" என்றாள் அக்காள்.

பையனைக் கேட்டேன். "ஒன்றும் இல்லை மாமா. அக்காவின் பழைய பாடங்கள்தான். அழித்து விடுங்கள்" என்றான்.

ஒன்றும் இல்லை! இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். காரணம் இருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிது. ஓர் இளைஞர் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார். "உள்ளே ஒன்றும் இல்லை. அழித்துப் போடுங்கள்" என்றார். நானும் திறந்து பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். பணத்தையும் வாங்கிக் கொண்டேன்.

மறுநாள் அவருடைய தகப்பனார் வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கிராமங்களில் பாட்டிமார்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டுக் கேட்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி, அந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தாராம். நான்கு ஆண்டு வேலை!

அவர் என்னைத் திட்டவில்லை. "திரும்ப வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் போராடினேன். புதிய இயங்குதளம் அதன் மேலேயே போய் உட்கார்ந்து விட்டது. சில துண்டுகள் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான். பாடிய பாட்டிகளில் பலர் அப்போது உயிரோடு இல்லை.

அதிலிருந்து, யார் என்ன சொன்னாலும் நானே திறந்து பார்க்காமல் அழிப்பதில்லை.

தங்கத் தேடல்

"அக்காவுக்குப் போன் போடு" என்று பையனிடம் சொன்னேன்.

அவள் போனில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பதறினாள். "மாமா! அழிக்காதீர்கள்! டி டிரைவில் பாருங்கள். 'பழசு' என்று ஒரு போல்டர் இருக்கும். அதில் அப்பா போட்டோ இருக்கிறது!"

என் அக்காள் கணவர் 2016-ல் காலமானார். அப்போது இந்தப் பையனுக்கு 9 வயது.

போல்டரைத் திறந்தேன். அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. 2013-ம் ஆண்டு ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலைப்படி. மனுஷர் மஞ்சள் வேட்டி கட்டி, ஒரு தோளில் புஷ்பக் காவடி, மறு தோளில் 6 வயதுப் பையன்! வேர்த்து வழிய நின்று கொண்டு சிரிக்கிறார். அப்புறம் ஒரு சின்ன வீடியோ. ஒரு நிமிஷம் கூட இராது. திருவாலங்காட்டுக் கோயில் வாசல். மகளின் செல்போனில் எடுத்தது. "ஏய், ஓடாதே! இங்கே வா! இதோ பாரு, இதைப் பார்த்துச் சிரி!" என்று மகனைக் கூப்பிடுகிற குரல்.

அழித்து விடுங்கள் என்று சொன்ன பையன் பேசாமல் நின்றான். அடுப்பங்கரையில் இருந்து அக்காள் வந்து கதவருகே நின்றாள். குரல் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

வேறு என்னென்ன இருந்தன தெரியுமா? மகளின் மார்க் ஷீட்டுகள். சாதிச் சான்றிதழ். வீட்டுப் பத்திரத்தைப் படம் எடுத்து வைத்தது. 'பாமினி' எழுத்தில் தட்டிய தமிழ்க் கட்டுரைகள். (பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துக்களில் தட்டியதை நகல் எடுத்தால் மட்டும் போதாது. அந்த எழுத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய கம்ப்யூட்டரில் புழு நெளிந்தது போல் தெரியும்.)

இரண்டு பென்டிரைவ்களை எடுத்து, முதலாவதில் எல்லாவற்றையும் நகல் எடுக்கத் தொடங்கினேன். பாதி ஓடியிருக்கும்.

பட்!

விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டர் திரையும் இருண்டு விட்டது. அதன் பேட்டரி செத்து எத்தனையோ காலம்!

"ஐயோ மாமா! போய் விட்டதா?" என்று அலறி விட்டான் பையன்.

போகவில்லை. நான் செய்தது நகல். அசல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதையே 'கட்' என்று வெட்டி ஒட்டினால் ஆபத்து அதிகம். ஆகவே முக்கியமானதை ஒரு போதும் வெட்டி ஒட்டாதீர்கள். நகல் எடுங்கள். சரி பாருங்கள். அப்புறம் அசலை அழிக்கலாம்.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "இன்றைக்கு பராமரிப்பு. 2 மணிக்குத்தான் கரண்ட் வரும்" என்றார். இது நல்லதாகவே போயிற்று. இயங்குதளம் பாதி ஏறும் போது கரண்ட் போயிருந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்!

வேப்ப மரத்தடியில்

வாசலில் வேப்ப மரம். கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். பையனுக்கு இப்போது எல்லாவற்றையும் தெரிந்து கொள்ள ஆசை.

"நகல் இல்லாமல் அழிந்தது வேறு எங்காவது உண்டா மாமா?" என்றான்.

உண்டு! அமெரிக்காவில் பிக்ஸார் என்று ஒரு பட நிறுவனம். கம்ப்யூட்டரிலேயே படம் வரைந்து கார்ட்டூன் படம் எடுப்பவர்கள். 1998-ல் 'டாய் ஸ்டோரி' படத்தின் இரண்டாம் பாகத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தார்கள். யாரோ தவறுதலாக அழிக்கும் கட்டளையைக் கொடுத்து விட்டார்கள். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தொப்பி போயிற்று. பூட்ஸ் போயிற்று. கடைசியில் ஆளே காணோம்! நகல் வைத்திருந்தார்களே, அதைப் பார்த்தார்கள். அதுவும் சரியாகப் பதிவாகவில்லை!

எல்லோரும் தலையில் கை வைத்துக் கொண்டிருந்த போது கேலின் சூஸ்மன் என்ற பெண்மணிக்கு ஞாபகம் வந்தது. அவர் குழந்தை பெற்றவர். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். காரில் ஓடினார்கள். அந்தக் கம்ப்யூட்டரைப் பிள்ளையைப் போலப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார்கள். படம் பிழைத்தது! (பிறகு அந்தக் கதையையே மாற்றிப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள் என்பது தனி வேடிக்கை. 1999-ல் படம் வெளிவந்தது.)

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நகல் இருக்கிறது என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள். திறந்து பார்க்கவில்லை.

"அவ்வளவு தூரம் போவானேன்? உன் ஊர்க்காரரே ஒருவர் இந்தக் காரியம் செய்திருக்கிறார்" என்றேன். பையன் நம்பவில்லை.

முதலாம் குலோத்துங்க சோழனிடம் சேனாபதியாக இருந்தவர் மணவில் கூத்தன் காலிங்கராயன். நரலோக வீரன் என்றும் பெயர். அவருடைய மணவில், இந்த மணவூர்தான் என்று சொல்கிறார்கள். சிதம்பரம் கோயிலுக்கு அவர் செய்த திருப்பணிகளைக் கல்வெட்டுப் பாடல்கள் விவரிக்கின்றன. அவற்றில் ஒன்று, தேவாரப் பாடல்களைச் செப்பேடுகளில் எழுதி வைத்தது!

தேவாரம் எழுதிய ஓலைகளைக் கரையான் அரித்த கதை உங்களுக்குத் தெரியும். இராஜராஜ சோழன் காலத்தில் மிஞ்சியதைத்தான் எடுத்தார்கள் என்பார்கள். அதற்கு அப்புறம் வந்த மணவில்காரர் ஓலையை நம்பவில்லை. செம்பில் நகல் எடுத்து விட்டார்! செம்புக்கு என்ன ஆயுள் என்பதற்குப் பக்கத்து ஸ்டேஷனே சாட்சி. இராஜேந்திர சோழன் கொடுத்த செப்பேடுகள், 31 ஏடுகள், திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்தன. ஏறக்குறைய 900 ஆண்டு கழித்தும் எழுத்துக்களைப் படிக்க முடிந்தது.

பென்டிரைவுக்கு அந்த ஆயுள் கிடையாது. அதனால்தான் இரண்டு பென்டிரைவ். ஒன்று அக்காளின் பீரோவுக்கு. இன்னொன்று என்னோடு சென்னைக்கு. மணவூர் வீட்டில் எது நடந்தாலும் சென்னையில் ஒன்று இருக்கும்.

அழித்தாலும் அழியாது!

"டிலீட் செய்தால் உடனே போய் விடுகிறதே, அது எங்கே போகிறது?" என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி.

எங்கேயும் போகவில்லை! கம்ப்யூட்டருக்குள் ஹார்டு டிஸ்க் என்று ஒரு பெட்டி. உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தகடு. இந்த லேப்டாப்பில் உள்ளது போன்ற தகடு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுவது வழக்கம். அதன் மேல் காந்தப் புள்ளிகளாக எல்லாம் பதிந்திருக்கிறது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 2 அடி அகலத் தகடுகள் 50 இருந்தன. எடை சுமார் ஒரு டன்! அதில் 50 லட்சம் எழுத்துக்கள்தான் பிடித்தன. இன்று ஒரே ஒரு நல்ல போட்டோவுக்குக் கூட அது போதாது.

ஒரு தடித்த புத்தகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். முன் பக்கத்தில் பொருளடக்கம். நீங்கள் ஒன்றை அழிக்கச் சொன்னால், பொருளடக்கத்தில் அந்த வரியை மட்டும் கம்ப்யூட்டர் அடித்து விடுகிறது. உள்ளே பக்கம் அப்படியே இருக்கும். அதன் மேல் வேறொன்றை எழுதும் வரை இருக்கும். 'குயிக் பார்மட்' என்பது பொருளடக்கத்தையே கிழித்துப் போடுவது. அப்போதும் உள்ளே பக்கங்கள் இருக்கும்!

இதனால் ஒரு நன்மை. ஒரு தீமை.

நன்மை என்ன? தவறிப் போய் அழித்து விட்டால் உடனே கம்ப்யூட்டரை நிறுத்தி விடுங்கள். ஒன்றையும் புதிதாகப் போடாதீர்கள். விஷயம் தெரிந்தவர் கைக்குப் போனால் மீட்க வழி உண்டு. எனக்கு அந்தத் தமிழாசிரியர் விஷயத்தில் இது நேரவில்லை. நானே மேலே எழுதி விட்டேன்.

தீமை? பழைய கம்ப்யூட்டரை விற்கிறீர்கள். அழித்து விட்டதாக நினைக்கிறீர்கள். வாங்கியவர் தோண்டி எடுக்கலாம்! அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்ஸன் கார்பிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர், பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12தான்! மற்றவற்றில் இருந்து 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. வைத்தியக் குறிப்புகள் கிடைத்தன. அந்தரங்கக் கடிதங்கள் கிடைத்தன. 2003-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஆகவே வீட்டிலேயே வைத்துக் கொள்ளும் கம்ப்யூட்டருக்குக் குயிக் பார்மட் போதும். விற்பதாக இருந்தால் போதாது. ஆரம்பம் முதல் கடைசி வரை பூஜ்யத்தை எழுதித் துடைக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பின் வந்த விண்டோஸ்களும் முழு பார்மட் செய்தால் அப்படித்தான் எழுதுகின்றன. மணிக்கணக்கில் ஆகும். ஆகட்டும்!

எஸ்.எஸ்.டி. என்று சுற்றும் தகடு இல்லாத புது வகை வந்திருக்கிறது. அது வேறு மாதிரி. மேலே எழுதினாலும் சில மூலைகளுக்கு எழுத்து போய்ச் சேராது. அதைத் தயாரித்த கம்பெனியே துடைப்பதற்கென்று ஒரு கட்டளை கொடுத்திருக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் தவறிப் போய் அழித்ததை மீட்பதும் கஷ்டம். அனேகமாகக் கம்ப்யூட்டரே சீக்கிரத்தில் சுத்தம் செய்து விடும்.

எதைப் போடுவது?

2 மணிக்குக் கரண்ட் வந்தது. சாப்பாட்டை முடித்துக் கொண்டு உட்கார்ந்தோம். பாதியில் நின்ற நகலை முதலில் இருந்து எடுத்தோம். இரண்டாவது பென்டிரைவிலும் எடுத்தோம். பையனின் செல்போனில் செருகி, படங்களைத் திறந்து பார்த்தோம். வீடியோ ஓடியது. சரி!

இனி எந்த இயங்குதளம் போடுவது? விண்டோஸ் 11 இந்தக் கிழட்டு எந்திரத்தில் முறைப்படி ஏறாது. அதற்கு 4 ஜி.பி. நினைவகம் வேண்டும். பாதுகாப்புச் சில்லு ஒன்றும் வேண்டும். இதில் இருப்பது 2 ஜி.பி. சில்லும் இல்லை.

"பூட்டு உடைத்த விண்டோஸ் 10 இருக்கிறது, இனாமாகவே போடலாம் என்று என் சிநேகிதன் சொன்னான்" என்றான் பையன்.

"வேண்டாம்" என்றேன். பூட்டை உடைத்தவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? வீட்டைச் சுத்தம் செய்து விட்டுத் திருடனையே காவலுக்கு வைப்பானேன்! இனாமாகவே, சட்டப்படியே கிடைக்கும் லினக்ஸ் இருக்கிறதே.

1991-ம் ஆண்டு பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கி வைத்தது அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். நம் நாட்டில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம், லினக்ஸை வைத்து 'பாஸ்' என்ற இயங்குதளத்தை 2007-ல் வெளியிட்டது. சென்னையில் உருவானது. தமிழிலும் வேலை செய்யும். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்தக் காலத்திலேயே தம் நிறுவனத்தை லினக்ஸுக்கு மாற்றினார்.

வேடிக்கை என்ன தெரியுமா? அரசாங்கம் கொடுத்த இந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு கூடப் பாஸ் லினக்ஸும் வைத்தே கொடுத்திருந்தார்கள். பொத்தானை அமுக்கியதும் "எது வேண்டும்?" என்று கேட்கும். அக்காள் மகள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பல வீடுகளில் இதே கதைதான். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் கொடுத்த பொருள் என்ன செய்யும்?

நான் சென்னையில் இருந்தே எடை குறைந்த லினக்ஸ் மின்ட் ஒன்றைத் தனிப் பென்டிரைவில் தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். (இணையத்தில் இறக்கியதை அப்படியே பென்டிரைவில் போட்டால் வேலை செய்யாது. அதற்கென்று உள்ள புரோகிராம் மூலம் எழுத வேண்டும். எழுதும் போது அந்தப் பென்டிரைவில் ஏற்கனவே இருந்தது எல்லாம் அழிந்து விடும்.)

ஒரு வினாடி!

பென்டிரைவைச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்து, எப்-12 பொத்தானைத் தட்டிக் கொண்டே மறுபடி உயிர் கொடுத்தேன். எந்திரத்துக்கு எந்திரம் இந்தப் பொத்தான் மாறும். "எதில் இருந்து தொடங்கட்டும்?" என்று கேட்டது. பென்டிரைவைக் காட்டினேன். பச்சை இலைப் படம் தோன்றியது.

"இனிமேல் நீயே செய்" என்று பையனை உட்கார வைத்தேன். மொழி கேட்டது, சொன்னான். ஊர் கேட்டது, சொன்னான். "எந்த டிஸ்க்கை அழிக்கட்டும்?" என்று கேட்டது. வரிசையாகப் பெயர்கள் தெரிந்தன. அவன் விரல் அமுக்கப் போனது.

"நிறுத்து!" என்று கையைப் பிடித்தேன்.

அவன் காட்டியது கம்ப்யூட்டரின் டிஸ்க் அல்ல. அப்பா படங்கள் இருந்த பென்டிரைவ்! செல்போனில் இருந்து எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரின் இன்னொரு பக்கத்தில் செருகி வைத்திருந்தான். பெயர்கள் எல்லாம் ஒன்று போலவே புரியாத எழுத்தில் இருந்தன. அளவைப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று 320 ஜி.பி. மற்றது 32 ஜி.பி. ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம்!

பையனுக்கு முகம் வெளுத்து விட்டது. பென்டிரைவைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தான். அக்காள் அதற்குச் சிவப்பு நூல் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டினாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. 20 வருஷம் தொழில் செய்தவன், வேறு எதுவும் செருகி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டு விட்டேன்.

இப்போது பட்டியலில் 320 ஜி.பி. மட்டும்தான். அமுக்கினான்.

40 நிமிஷம் ஓடியது. நடுவில் வயரைத் தொடாதபடி பூனையை வெளியே விரட்டினோம். முடிந்ததும் லினக்ஸ் பென்டிரைவை எடுத்து விட்டு மறுபடி தொடங்கச் சொன்னது. தொடங்கினோம்.

பையன் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தான். 14 நிமிஷம் எடுத்துக் கொண்ட எந்திரம் 1 நிமிஷம் 20 வினாடியில் எழுந்தது!

வேலை அதோடு முடியவில்லை. செல்போன் மூலம் இணையம் கொடுத்து, புதிதாக வந்திருந்த பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாம் ஏற்றினோம். அதற்கே ஒரு மணி நேரம். தமிழ் தட்டுவதற்கு வழி செய்தோம். தேவை இல்லாததை ஏற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். எத்தனை நாளுக்கோ!

பக்கத்து வீட்டம்மா மறுபடி வந்தார். "என் பழைய செல்போனை எக்சேஞ்சில் கொடுக்கப் போகிறேன். அதற்கும் இப்படிச் செய்ய வேண்டுமா தம்பி?" என்று கேட்டார். படங்களை நகல் எடுங்கள், செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை எடுத்து விடுங்கள், பேக்டரி ரீசெட் கொடுங்கள், சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிக் கொள்ளுங்கள் என்று சொன்னேன். மெமரி கார்டை மறந்து கொடுத்து விடுகிறவர்கள் அனேகம்.

ரெயிலுக்கு நேரம் ஆகி விட்டது. நகல் எடுத்த இரண்டாவது பென்டிரைவைப் பையில் வைத்தேன். சிவப்பு நூல் கட்டியதை அக்காள் பீரோவில் இருந்து எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் புதிய கம்ப்யூட்டரில் திரும்ப வைத்தான் பையன்.

"தம்பி! அதைப் போடச் சொல்" என்றாள் அக்காள்.

எதை என்று அவள் சொல்லவில்லை. பையனுக்குத் தெரிந்தது. திருவாலங்காட்டுக் கோயில் வாசல் திரையில் வந்தது.

அக்காள் கிட்டே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சத்தம் கொஞ்சம் கூட்டுடா" என்றாள்.